நெருப்பெரிச்சலில் நாலு ஹார்ட் டிஸ்க்

எங்க ஊர் பேரைப் புதுசா கேக்கறவங்க எல்லாரும் ஒரு தடவை திருப்பிக் கேப்பாங்க. "என்னது, நெருப்பெரிச்சலா?" ஆமாங்க, அதேதான். திருப்பூருக்கு வடக்கால, பூலுவபட்டிக்குப் பக்கத்துல. போன்ல அட்ரஸ் சொல்லி ஹார்ட் டிஸ்க் ஆர்டர் பண்ணும்போது கடைப் பையன், "சார், நெருப்புல எல்லாம் வெச்சா வாரன்ட்டி கிடையாது சார்"னான். அவனுக்கு அது ஜோக். எனக்கு ஆறு வருஷப் பொழப்பு.

மொட்டை மாடிக்கு நேர் கீழ ஒரு சின்ன ரூம். அதுல ஒரு பழைய கம்ப்யூட்டர் பொட்டி. பொட்டிக்குள்ள 24 மணி நேரமும் சுத்தற நாலு ஹார்ட் டிஸ்க். அதுங்களுக்குச் சூடு ஏறாமப் பாத்துக்கறேன்னு நான் பண்ணின கூத்துதான் இது. எங்க வீட்டுத் தங்கமணி இதுக்கு வெச்சிருக்கற பேரை எழுத முடியாது, கொழந்தைங்க படிப்பாங்க :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, அண்ணன்மார் கதை சொல்லுவாங்க. பொன்னர் சங்கர் கதைதான். உடுக்கை அடிச்சு விடிய விடிய பாடற ஆளுங்க மாதிரி எல்லாம் இல்ல. ராத்திரி சாப்பிட்டு வாசல்ல கயித்துக் கட்டில் போட்டு, பாதி பாட்டு, பாதி பேச்சு, நடுவுல வெத்தலை. 1994ல மாமா ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டாந்து கட்டிலுக்கு அடியில வெச்சுப் பதிவு பண்ணினார். தொண்ணூறு நிமிஷக் கேசட், மொத்தம் 14. அம்மிச்சி 1999ல போய்ட்டாங்க. 2008ல எடுத்துப் பாத்தா கேசட் பூராவும் வெள்ளையா பூஞ்சை. துடைச்சு, ஓட்டி, ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்தி எம்பி3யா மாத்தினேன். அப்பல்லாம் இடம் மிச்சம் பண்ணணுமில்ல, அதனால 128 கேபிபிஎஸ். மொத்தமே 1.2 ஜிபிதான். 2010ல வீடு மாறும்போது கேசட்டை எல்லாம் தூக்கிப் போட்டாச்சு. "அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2013ல அந்தப் பொட்டியைக் கட்டினேன். பாப்பா பிறந்த புதுசு. கேமரால எடுத்தது, போன்ல எடுத்தது, கல்யாண வீடியோ, அம்மிச்சி கதைன்னு எல்லாம் நாலு இடத்துல சிதறிக் கெடந்துச்சு. ரெண்டாம் கை மதர்போர்டு, 2 டெராபைட் டிஸ்க் நாலு, ஃப்ரீநாஸ் மென்பொருள் (2020ல அதுவே ட்ரூநாஸ்னு பேரை மாத்திக்கிச்சு). டிஸ்க்கை ரெண்டு ரெண்டா ஜோடி போட்டாச்சு. ஒண்ணுல எழுதறது அப்படியே ஜோடியிலயும் எழுதும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும். கீழ இருக்கற டிஸ்க்குக்கு மேல இருக்கற டிஸ்க் ஜோடின்னு வேணும்னேதான் போட்டேன், பக்கத்துப் பக்கத்துல இருந்து ஒண்ணாப் போயிரக் கூடாதேன்னு.

பொட்டி போடற சத்தத்துக்கு அதைப் படுக்கற ரூம்ல வெக்க முடியாதுன்னு உத்தரவு. மாடிப்படி ஏறின உடனே இருக்கற அந்தக் குட்டி ரூமுக்குப் போச்சு. மேல கான்கிரீட் தளம். கீழ் போர்ஷன்ல ஒரு பவர் டேபிள் யூனிட். வெளியூர்க்காரங்களுக்கு: பனியன் தைக்கற மெஷின் வரிசையா போட்ட சின்ன கம்பெனியைத்தான் இங்க பவர் டேபிள்னு சொல்லுவோம். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர்னு ஒரு பன்னெண்டு மெஷின். கீழ் வீட்டு அண்ணன் தங்கமான மனுஷன். ஆனா அவர் மெஷின்ல இருந்து கிளம்பற பஞ்சு இருக்கே, அதைப் பத்தி அப்புறம் வர்றேன்.

முதல் கோடை. 2013 ஏப்ரல். ஒரு மத்தியானம் சும்மா ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பாத்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைத் தானே அளந்து வெச்சுக்கற கணக்கு அது. அதுல 194ஆம் நம்பர் வரிசை சூடு. 58னு காட்டுச்சு. டிஸ்க் கம்பெனிங்க பொதுவா 60, 65 வரைக்கும் தாங்கும்னு காகிதத்துல போட்டிருப்பாங்க. 58ன்னா வெளிம்புல நிக்குது. கையை வெச்சுப் பாத்தேன், இட்லி குண்டா மாதிரி இருந்துச்சு.

அன்னிக்குப் புடிச்சது பைத்தியம்.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், வேண்டாம்ங்கறவங்க அடுத்த பத்திக்குத் தாவிக்கலாம். ஓடற டிஸ்க் ஒண்ணு சுமாரா 5, 6 வாட் கரன்ட் எடுக்கும். அது அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். மதர்போர்டு எல்லாம் சேத்தி எம் பொட்டி 45 வாட். ஒரு சின்ன குண்டு பல்பு அளவுதான். நிமிஷத்துக்கு 20 கன அடி காத்து உள்ள போய் வெளிய வந்தா, அந்தக் காத்து நாலு டிகிரிதான் சூடாகும். 20 கன அடிங்கறது பெரிய விஷயமே இல்ல, ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவா சுத்தினாலே தாராளமா தரும். அப்புறம் ஏன் 58? காத்து டிஸ்க் பக்கமே போகலை, அதான். பொட்டியில இருக்கற கண்ட ஓட்டை வழியா உள்ள வந்து, சுலபமான பாதையில வெளிய போய்ட்டு இருந்துச்சு. தண்ணி மாதிரிதான் காத்தும். வாய்க்கால் வெட்டி விடலைன்னா பள்ளத்தைப் பாத்துப் போயிரும்.

வாய்க்கால் வெட்டினேன். முன்னாடி ரெண்டு ஃபேன் மாட்டி, டிஸ்க்குக்கு டிஸ்க் ஒரு அறை இடைவெளி விட்டு, மிச்ச ஓட்டை எல்லாத்தையும் பனியன் அட்டைப்பெட்டியை வெட்டி டேப் போட்டு அடைச்சேன். காத்து வேற வழியில்லாம டிஸ்க் இடுக்குலதான் போயாகணும். 58, 49 ஆச்சு. அட்டைக்கும் டேப்புக்கும் செலவு இருவது ரூபா.

அதுக்குக் கீழ இறங்கலை. இறங்கவும் இறங்காது. இது புரியறதுக்கு எனக்கு ஒரு முழு கோடை ஆச்சு. ஃபேன் எதையும் குளிர வைக்காதுங்க. காத்தை நகத்தும், அவ்வளவுதான். ரூம்ல 39 டிகிரின்னா, எத்தனை ஃபேன் போட்டாலும் டிஸ்க் 39க்குக் கீழ வராது. ஏழெட்டு டிகிரி மேலதான் நிக்கும். எங்க ஊர்ல ரூம் சூடு மத்தியானம் கூட இல்ல, ராத்திரி எட்டு மணிக்குத்தான் உச்சம். பகல் பூரா வெயிலைக் குடிச்ச தளம் சாயங்காலத்துக்கு மேலதான் அதை உள்ள கக்கும். வெளிய சிலுசிலுன்னு காத்து அடிக்கும், ரூம்ல அடுப்பு எரியற மாதிரி இருக்கும்.

இப்ப பஞ்சு.

ஜூலை மாசம் காத்துக் காலம். ரூம் சூடு எல்லாம் கொறைஞ்சிருச்சு, ஆனா டிஸ்க் மறுபடி 52. பொட்டியைத் தொறந்தா, ஃபேன் றெக்கையில அரை இஞ்சுக்கு வெள்ளைக் கம்பளி. சாதாரண வீட்டுத் தூசி இல்ல அது, பனியன் துணிப் பஞ்சு. நூலுக்கு நூல் பின்னிக்கிட்டு ஒரு மெத்தை மாதிரி படியும். நிட்டிங் கம்பெனி போயிருந்தீங்கன்னா பாத்திருப்பீங்க, ரவுண்டு நிட்டிங் மெஷின் தலை மேல ஒரு ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும், ஊசி மேல பஞ்சு படியாம இருக்கறதுக்கு. ஆளுக்கு ஃபேன் இல்லாட்டியும் மெஷினுக்கு உண்டு. அந்த ஊர்ல பஞ்சுக்கு வழி பண்ணாம கம்ப்யூட்டர் வெச்சது எம் புத்தி.

ஃபில்டர் போடணும். கீழ் வீட்டு அண்ணன்கிட்ட கட்டிங் வேஸ்ட்ல ஒரு துண்டு வாங்கினேன். நல்ல 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. ஃபேன் முன்னாடி இழுத்துக் கட்டினேன். ஒரு மணி நேரத்துல டிஸ்க் 55. துணி மொத்தமா காத்தை நிறுத்திருச்சு. போய்ச் சொன்னா அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கறார். "ஏந்தம்பி, காத்துப் போகும்னுதான ஊரே பனியன் போட்டுத் திரியுது. உன்ற பொட்டிக்கு மட்டும் மூச்சு முட்டுதாக்கும்?"

அப்புறம் அவரே விளையாட்டு டிரஸ்ஸுக்குத் தைக்கற பாலியஸ்டர் மெஷ் துணியில ஒரு துண்டு தேடிக் குடுத்தார். ஓட்டை ஓட்டையா இருக்கும். பெருசா காத்தைத் தடுக்காது, ஆனா பஞ்சு அதுல மாட்டிக்கும். மாட்டின பஞ்சே அப்புறம் ஃபில்டர் மாதிரி வேலை செய்யும், அதுவும் அளவோட இருந்தாதான். வாரம் ஒரு தடவை உதறணும். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை கீழ மெஷின் ஓடாது, பஞ்சு பறக்காது. அதனால ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு ஃபில்டர் தொவைக்கற வேலை. இன்னி வரைக்கும் அதே துணிதான். கடையில விக்கற ரெடிமேட் ஃபில்டர் எதுவும் இதுக்கு ஈடு இல்லைன்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுவேன்.

(கம்ப்ரஸர் வெச்சு ஏர் அடிச்சுடலாமேன்னு ஒரு தடவை அண்ணன் கடையிலயே தூக்கிட்டுப் போனேன். செய்யாதீங்க. டேங்க்குல தேங்கின தண்ணியும் சேந்து வரும். றெக்கையை விரலால புடிக்காம அடிச்சீங்கன்னா ஃபேன் அதோட பிறவியில சுத்தாத வேகத்துல சுத்தி பேரிங் போயிரும். என்னுது போச்சு.)

இதெல்லாம் பண்ணியும் சித்திரை மாசம் 46, 47. எனக்குத் தூக்கம் வரலை. போன்ல கிராஃப் வர்ற மாதிரி செஞ்சு வெச்சிருந்தேன். சொந்தக்காரங்க கல்யாணத்துல, பந்தியில உக்காந்து, இலையில ரசம் ஊத்தறாங்க, நான் டிஸ்க் 4 எத்தனைன்னு பாத்துட்டு இருக்கேன். டிஸ்க் 4தான் எல்லாத்துக்கும் மேல, பவர் சப்ளை பக்கத்துல, எப்பவும் மத்ததை விட அஞ்சாறு டிகிரி கூட. எம் பயம் எல்லாம் அது மேலதான். அதுவும் டிஸ்க் 1ம்தான் ஜோடி. அம்மிச்சி அந்த ஜோடியிலதான் இருந்தாங்க.

அப்ப ரெண்டு காரியம் பண்ணினேன். ரெண்டுமே சூட்டைக் குறைக்கத்தான்.

ஒண்ணு, 2017 கோடையில ஸ்க்ரப்பை நிறுத்தினேன். ஸ்க்ரப்னா, மாசம் ஒரு தடவை மென்பொருள் டிஸ்க்குல இருக்கற ஒவ்வொரு எழுத்தையும் படிச்சுப் பாத்து, கெட்டுப் போயிருந்தா ஜோடியில இருந்து எடுத்துச் சரி பண்ற வேலை. மணிக்கணக்கா ஓடும். அது ஓடும்போது டிஸ்க் அம்பதைத் தாண்டிச்சு. சரி, மழை வரட்டும், அப்புறம் ஓட்டிக்கலாம்னு ஆஃப் பண்ணினேன். மழை வந்துச்சு. நான் மறந்துட்டேன்.

ரெண்டு, 2018 பங்குனியில ஒரு ஏர் கூலர் வாங்கினேன். தண்ணி ஊத்தி ஓட்டறது. வீட்ல மனுஷங்க இருக்கற ஹாலுக்கு இல்லைங்க, பொட்டி ரூமுக்கு. தங்கமணி அதைப் பாத்த பார்வை இன்னும் முதுகுல சுடுது. ஆனா பலன் பிரமாதம். கூலர் வாய்க்கு நேர இருந்த டிஸ்க் 1, நடு சித்திரையில 34. எனக்கு உலகத்தையே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் கிராஃபை நண்பர்களுக்கு எல்லாம் அனுப்பினேன், கொழந்தை ரேங்க் கார்டு மாதிரி.

2019 மே. கூலருக்கு ரெண்டாவது கோடை. ஒரு சாயங்காலம் மெயில் வருது, டிஸ்க் ஒண்ணைக் காணோம்னு. டிஸ்க் 4 செத்துப் போச்சுன்னுதான் நெனச்சு மாடிக்கு ஓடினேன்.

செத்தது டிஸ்க் 1. அந்த 34 டிகிரி செல்லம்.

கழட்டி அடியில இருக்கற பச்சை போர்டைத் திருப்பிப் பாத்தேன். போர்டும் டிஸ்க்கும் தொட்டுக்கற புள்ளிங்க எல்லாம் கருத்துப் போய் இருந்துச்சு, பழைய வெள்ளிக் கொலுசு மாதிரி. பென்சில் ரப்பர் வெச்சுத் தேய்ச்சு மாட்டினா பத்து நிமிஷம் வந்துச்சு, அப்புறம் டக் டக்னு ரெண்டு சத்தம், அதோட சரி. கூலர் ஈரம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆறு வருஷம் ஓடின டிஸ்க், வயசாகியும் போயிருக்கலாம். ஆனா மத்த மூணுலயும் அந்தப் புள்ளி இவ்வளவு கருப்பு இல்ல.

அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து படிச்சேன், ஆறு வருஷம் முன்னாடி படிச்சிருக்க வேண்டியதை எல்லாம். 2007லயே கூகுள்காரங்க ஒரு லட்சத்துக்கும் மேல டிஸ்க்கை வெச்சுக் கணக்கெடுத்து ஒரு ஆய்வு போட்டிருக்காங்க. சூட்டுக்கும் சாவுக்கும் நாம நெனைக்கற மாதிரி நேரான சம்பந்தம் இல்ல. ரொம்பக் குளிர்ச்சியா இருந்த டிஸ்க்குங்கதான் கூடச் செத்திருக்கு. மூணு வருஷத்தைத் தாண்டின டிஸ்க்குக்குத்தான் சூடு நெசமான எதிரி. செத்ததுல 56 சதவீதம், ஸ்மார்ட்ல முக்கியமான நாலு எச்சரிக்கையில ஒண்ணு கூடக் காட்டாமயே போயிருக்கு. 2014ல பேக்பிளேஸ் கம்பெனி தங்களோட டிஸ்க்கை வெச்சுப் பாத்துட்டு, கம்பெனி சொன்ன எல்லைக்குள்ள இருந்தா கவலைப்படாதீங்கங்கற மாதிரிதான் எழுதினாங்க. 2012ல டொரண்டோ பல்கலைக்கழகத்துல பாத்தது இன்னும் சுவாரசியம். டிஸ்க்குல சத்தமில்லாம கெட்டுப் போற இடங்களுக்கு, சராசரி சூட்டை விட சூட்டோட ஏத்த இறக்கம்தான் கூடச் சம்பந்தப்படுதாம். பகல்ல கூலர், ராத்திரி தண்ணி தீந்ததும் மொட்டைச் சூடுன்னு நான் அதுக்கு நல்லா ஊஞ்சல் கட்டி ஆட்டியிருக்கேன்.

வயித்துல புளியைக் கரைச்சது 2016ல வந்த மைக்ரோசாஃப்ட் ஆய்வு. ஒம்போது டேட்டா சென்டர், பத்து லட்சம் டிஸ்க். வெளிக்காத்தை உள்ள விட்டுக் குளிர வைக்கற இடங்கள்ல, டிஸ்க்கைக் கொல்றதுல சூட்டை விட ஈரப்பதம்தான் பெரிய கை. அதுலயும் போர்டும் இணைப்பும் போற கேஸ்தான் ஈரத்துல எகிறுது. நான் காசு குடுத்து, குடம் குடமா தண்ணி தூக்கி ஊத்தி அதைச் செஞ்சிருக்கேன்.

சரி, படிச்சு என்ன பண்றது. இப்ப அம்மிச்சி ஒத்தை டிஸ்க்குல இருக்காங்க. அதுவும் டிஸ்க் 4ல, 47 டிகிரியில.

புது டிஸ்க் மாட்டி ஜோடி சேக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவ்ல எடுத்துரலாம்னு தோணுச்சு. 1.2 ஜிபி. காப்பி போட்டா அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷ வேலையை நான் ஆறு வருஷமா பண்ணலை. அட்டை வெட்டினேன், துணி கட்டினேன், கூலர் வாங்கினேன், பந்தியில கிராஃப் பாத்தேன். ஒரு பென் டிரைவ்ல போட்டு மாமா வீட்டுல குடுத்து வெக்கலை.

ஒவ்வொரு ஃபைலா போச்சு. ஒம்பதாவது கேசட், பி சைடு. நின்னுருச்சு. "படிக்க முடியவில்லை."

டிஸ்க் 4ல ஒரு இடம் எப்பவோ கெட்டுப் போயிருக்கு. டிஸ்க் 1 உயிரோட இருந்தப்ப ஸ்க்ரப் ஒரே ஒரு தடவை ஓடியிருந்தாக்கூட அதைக் கண்டுபுடிச்சு, இதுல இருந்து எடுத்து அதுல எழுதிச் சரி பண்ணியிருக்கும். டிஸ்க் சூடாகுதேன்னு நான் அதை ரெண்டு வருஷமா நிறுத்தி வெச்சிருந்தேன்.

ஒரு அரை மணி நேரம் சும்மா தரையில உக்காந்திருந்தேன். அப்புறம், கெட்ட இடத்தைத் தாண்டிக் குதிச்சு மிச்சத்தை எடுக்கற கட்டளை ஒண்ணு இருக்கு, அதைப் போட்டேன். வந்துச்சு. இந்த மென்பொருள் எதையும் 128 கேபி கட்டி கட்டியாத்தான் வெச்சிருக்கும். ஒரு கட்டி போச்சு. 128 கேபிபிஎஸ் எம்பி3ல அது எட்டு செகண்ட்.

அதோட முடியலை. மறுநாள் கோயமுத்தூர் போய்ப் புது டிஸ்க் வாங்கிட்டு வந்தேன். ஜோடி சேக்கணும்னா டிஸ்க் 4 முழுசையும் படிச்சாகணும். பாப்பாவோட வீடியோ எல்லாம் அதுலதான். மாட்டி மூடும்போது தங்கமணி பேப்பரோட வந்து நிக்கறாங்க. "நாளைக்கு நம்ம ஏரியால மாசாந்திர பராமரிப்பாம், காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரன்ட் இருக்காது." மணி ராத்திரி பத்து. யூபிஎஸ் இருவது நிமிஷம் தாங்கும். கரன்ட் போனா இடையில நிறுத்தி அப்புறம் தொடரலாம், தப்பில்லை. ஆனா ஆறு வயசு டிஸ்க், நிறுத்தினா மறுபடி எந்திரிக்குமோன்னு ஒரு பயம். ஆரம்பிச்சேன். கூலரைத் தூக்கி வெளிய வெச்சேன். பொட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டிட்டு ஹால்ல இருந்த டேபிள் ஃபேனைக் கொண்டாந்து நேரா திருப்பி விட்டேன். ஆறு வருஷமா வெட்டின வாய்க்கால் எல்லாம் அன்னிக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு, ஒரு டேபிள் ஃபேன் போதும்னு ஆச்சு.

பதினொரு மணிக்கு 49. தளம் கக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மணிக்கு 51, 44 சதவீதம். ஜன்னலை எல்லாம் தொறந்து விட்டேன். கொசு. பாய் போட்டுப் படுத்தேன், தூங்கலை. நாலு மணிக்கு மேல காத்து மாறுச்சு, 47. அஞ்சரைக்குத் தங்கமணி காப்பி கொண்டாந்து குடுத்துட்டு, ஒண்ணும் பேசாம, பொட்டி மேல ஒரு சிட்டிகை திருநீறு வெச்சுட்டுப் போனாங்க. ஃபேன் காத்துல அது நேரா டிஸ்க்குக்குள்ளதான் போயிருக்கும், ஆனா அன்னிக்கு நான் வாயைத் தொறக்கலை.

ஏழு நாப்பதுக்கு முடிஞ்சது. பாப்பா வீடியோல ஒண்ணும் போகலை. அந்த ஒரு ஃபைல் மட்டும் சிவப்பு எழுத்துல.

வருஷக்கணக்கா நான் திட்டின டிஸ்க் 4 அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு. அதை 2021ல ஓய்வு குடுத்து எடுத்து, இன்னும் பீரோவுல வெச்சிருக்கேன்.

இப்ப என்ன ஏற்பாடுன்னு கேப்பீங்க. பொட்டி இடம் மாறிருச்சு. வடக்குப் பக்க ரூம், தரையில இருந்து ஒரு அடி உயரத்துல பலகை. தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சாச்சு, அதுல வீட்டுக்கே விமோசனம். கூலர் ஹாலுக்குப் போயிருச்சு, மனுஷங்களுக்கு. மெஷ் துணியும் ஞாயித்துக்கிழமை தொவைக்கறதும் அப்படியேதான். ஸ்க்ரப் மாசம் முதல் தேதி விடிகாலை நாலு மணிக்கு, கோடையோ மழையோ, கட்டாயம் ஓடும். ஓடும்போது அம்பது வந்தா வரட்டும். 2024 ஏப்ரல்ல ஈரோடு 42 டிகிரியைத் தொட்டுட்டு டிவில தினமும் வந்துச்சே, அப்ப எங்க டிஸ்க் 46. நான் நிம்மதியா ரசம் சாப்பிட்டேன். எச்சரிக்கை மெயில் 55க்கு மேல போனாத்தான் வர்ற மாதிரி வெச்சிருக்கேன், இது வரைக்கும் ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டுமே பஞ்சு.

அம்மிச்சி கதை இப்ப அஞ்சு இடத்துல இருக்கு. மாமா வீட்டுல ஒண்ணு, பெங்களூர்ல தங்கச்சிகிட்ட ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு, மிச்சம் இங்க.

போன பொங்கலுக்கு அம்மா வந்திருந்தப்ப ஒம்பதாவது கேசட்டைப் போட்டேன். அந்த இடம் வரும்போது முன்னாடியே சொல்லி வெச்சேன், இங்க கொஞ்சம் கட் ஆகும்மான்னு. சங்கர் காட்டுக்குள்ள போற இடம். அம்மிச்சி குரல் ஏறிட்டே போகுது, பட்டுனு நிக்குது. எட்டு செகண்ட். அப்புறம் பாதி வார்த்தையில இருந்து மறுபடி ஆரம்பிக்குது.

நான் அம்மா மூஞ்சியையே பாத்துட்டு இருந்தேன். அம்மா வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொல்றாங்க, "அங்க ஒண்ணுமில்ல கண்ணு. நீ கட்டில்ல இருந்து கீழ உழுந்து கத்துன. உன்ற அம்மிச்சி என்னையத் திட்டுனாங்க, புள்ளையப் புடிக்காம என்னடீ பண்றேன்னு."